ரெட் போட்டாயே, ஃபாலோ எங்கே?

  

இந்த மாதம் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன். "என்ன பாஸ்டர், எழுப்புதல் பத்திரிகையில் விளையாட்டா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள். அப்போஸ்தலனாகிய பவுல் 1 கொரிந்தியர் 9:24-27-ல் எதை உதாரணமாகக் காட்டுகிறார்? ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும்தானே! கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். ஜெயித்தவனுக்கு இலைகளால் கட்டிய ஒரு கிரீடம் கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் அது வாடிப்போகும். கொரிந்து சபையார் கண்ணால் பார்த்த அந்த விளையாட்டை வைத்தே பவுல் அவர்களுக்கு ஆவிக்குரிய பாடம் சொன்னார். நம் ஜனங்கள் கண்ணால் பார்க்கிற விளையாட்டு எது? நம்ம கேரம் போர்டுதான்!

நான் வீடு சந்திப்புக்குப் போகும்போது பார்க்கிறேன். பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், சுவரில் சாய்த்து எத்தனையோ வீடுகளில் ஒரு கேரம் போர்டு இருக்கிறது. மே மாத விடுமுறை வந்துவிட்டால் அது வெளியே வந்துவிடும். வடசென்னைத் தெருக்களில் ஒரு சின்ன அறை, மேலே தொங்குகிற ஒரு பல்பு, சுற்றி நாலு வாலிபர், அவர்களைச் சுற்றி வேடிக்கை பார்க்கிற பத்துப் பேர். இது உங்களுக்குத் தெரிந்த காட்சிதான். அகில உலக கேரம் சம்மேளனமே 1988-ல் நம்முடைய சென்னையில்தான் ஆரம்பிக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆனார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், சென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகிய காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்று வந்தார். ஒரு மரப்பலகை, ஒரு ஸ்ட்ரைக்கர், எத்தனையோ வருஷப் பயிற்சி! அழிந்துபோகிற ஒரு பரிசுக்கே இவ்வளவு உழைப்பு என்றால், அழியாத கிரீடத்துக்காக ஓடுகிற நாம் எவ்வளவு ஜாக்கிரதையாய் இருக்கவேண்டும்!

ஆனால் பயிற்சியைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. கேரமில் உள்ள ஒரே ஒரு சட்டத்தை வைத்து ஆவியானவர் என் இருதயத்தில் பேசினார். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ரெட்டும் ஃபாலோவும்

பலகையின் நடுவில் ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, அவைகளுக்கு மத்தியில் ஒரு சிவப்புக் காய். அதை ராணி என்பார்கள், குயின் என்பார்கள். நம்ம பிள்ளைகளுக்கு அது 'ரெட்'. போட்டிகளில் அதற்கு மூன்று பாயிண்ட். எல்லார் கண்ணும் அதன்மேல்தான். ரெட் பாக்கெட்டில் விழுந்தால் சுற்றி நிற்கிறவர்கள் கை தட்டுவார்கள்.

ஆனால் அது கணக்கில் சேர்ந்துவிட்டதா? இல்லை! ரெட் போட்டவன், கூடவே அல்லது அதற்கு அடுத்த அடியிலேயே, தன்னுடைய காய் ஒன்றையும் போடவேண்டும். அதற்குப் பெயர்தான் 'ஃபாலோ'. ஃபாலோ விழாவிட்டால் என்ன ஆகும்? போட்ட ரெட்டைத் திரும்ப எடுத்துப் பலகையின் நடுவில் வைத்துவிடுவார்கள். தட்டின கை தட்டினதுதான், ஆனால் அவன் கணக்கில் ஒன்றும் ஏறாது. இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறவன் அதைக் குறிவைப்பான்.

தேவ ஜனமே, இந்த 'ஃபாலோ' என்கிற வார்த்தைக்கு அர்த்தம் என்ன? பின்பற்றுதல்! இயேசு கடலோரத்தில் மீனவர்களைப் பார்த்துக் கூப்பிட்ட கூப்பிடுதலே அதுதானே! கன்வென்ஷனில் அபிஷேகம் பெற்றீர்கள். காத்திருப்புக் கூட்டத்தில் அந்நிய பாஷை பேசினீர்கள். உபவாச ஜெபத்தில் கண்ணீர் விட்டு, கர்த்தர் தொட்டதை உணர்ந்தீர்கள். அல்லேலூயா! அது ரெட். அதை நான் அற்பமாய் எண்ணவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, திங்கட்கிழமை காலையில் உங்கள் ஃபாலோ எங்கே?

1. ஃபாலோ இல்லாத ரெட் - சவுல்

1 சாமுவேல் 10-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். சவுலின் மேல் தேவ ஆவி இறங்கினது. அவன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தோடு சேர்ந்து தீர்க்கதரிசனம் சொன்னான். அவனை முன்னமே அறிந்திருந்தவர்கள் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். அதைவிடப் பெரிய ரெட் உண்டா? இஸ்ரவேலிலே முதல் ராஜா, அதிலும் அபிஷேகம் பெற்ற ராஜா!

ஃபாலோ போட வேண்டிய நேரம் வந்தது. 13-ஆம் அதிகாரத்தில் கில்காலிலே காத்திருக்கச் சொன்னார் சாமுவேல். சவுல் பொறுமை இழந்து, தானே பலி செலுத்திவிட்டான். 15-ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரிடத்தில் எதையும் மீதி வைக்காதே என்று கர்த்தர் சொன்னார். அவனோ கொழுத்த ஆடுமாடுகளை வைத்துக்கொண்டான். சாமுவேல் வந்தபோது, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றிவிட்டேன் என்று வாய் கூசாமல் சாட்சி சொன்னான். ஆனால் பின்னால் ஆடுகள் கத்தின சத்தம் அவன் சாட்சியைப் பொய்யாக்கிவிட்டது!

இன்றைக்கும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மேடையில் சாட்சி, வீட்டுக்குப் பின்னால் ஆடு கத்துகிற சத்தம்! திருப்பிக் கொடுக்காத கடன் கத்துகிறது. கடையில் வைத்திருக்கிற கள்ளத் தராசு கத்துகிறது. மருமகளிடம் பேசின கடுஞ்சொல் கத்துகிறது. நமக்குக் கேட்காமல் இருக்கலாம். அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு நன்றாய்க் கேட்கிறது!

முடிவு என்ன? 16-ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய ஆவி தாவீதின்மேல் வந்து இறங்கினார், சவுலை விட்டு நீங்கினார். ரெட் மறுபடியும் நடுவில் வைக்கப்பட்டது. இன்னொருவன் அதை எடுத்துக்கொண்டான். இதை எழுதும்போது என் இருதயம் நடுங்குகிறது.

2. ஒரே அடியில் ரெட்டும் ஃபாலோவும் - சகேயு

கேரம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், சில நேரம் ஒரே அடியில் ரெட்டும் விழும், சொந்தக் காயும் விழும். பார்க்கிறவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் எரிகோ பட்டணத்திலே அப்படி ஒரு அடி விழுந்தது!

இயேசு சகேயுவின் வீட்டுக்குள் போனார். அந்தக் குள்ளமான மனுஷன் எழுந்து நின்றான். என்ன சொன்னான்? "ஆண்டவரே, சந்தோஷமாய் இருக்கிறது" என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு என்றான். யாரிடம் அநியாயமாய் வாங்கியிருந்தாலும் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அடுத்த கன்வென்ஷன் வரட்டும் என்று தள்ளிப் போடவில்லை. இயேசு வீட்டில் இருக்கும்போதே ஃபாலோ போட்டுவிட்டான். அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவரே சாட்சி கொடுத்தார். ஸ்தோத்திரம்!

பெந்தெகொஸ்தே நாளில் என்ன நடந்தது? அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தை நாம் நாலாம் வசனம் வரைக்கும் நன்றாய் வாசிக்கிறோம். பலத்த காற்று, அக்கினிமயமான நாவுகள், அந்நிய பாஷைகள்! அந்த அதிகாரத்தை முடிவு வரைக்கும் வாசியுங்கள். பேதுரு எழுந்து நின்று பிரசங்கித்தார், ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்டார்கள். அப்புறம்? உபதேசத்தில் உறுதியாய்த் தரித்திருந்தார்கள். அப்பம் பிட்டார்கள். உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுத்தான். நாலாம் வசனம் ரெட் என்றால், நாற்பத்திரண்டாம் வசனத்திலிருந்து ஃபாலோ. மேலறையில் இறங்கின அக்கினி எருசலேமின் வீடுகளிலே சோறாகவும் அன்பாகவும் மாறினது. அதுதான் எழுப்புதல்!

நான் கண்ட ஒரு ஃபாலோ

எனக்குத் தெரிந்த ஒரு வாலிப சகோதரர் இருக்கிறார். அவர் ஊரையும் பேரையும் எழுதவில்லை. இரட்சிக்கப்படுவதற்கு முன்னே கேரம் கிளப்பே கதி என்று கிடந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை இரவு காத்திருப்புக் கூட்டத்தில் கர்த்தர் அவரை ஆவியினால் நிரப்பினார். விடியும் மட்டும் துதித்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் ஒரு காரியம் எனக்குத் தெரியும். அவருக்கும் கூடப்பிறந்த அண்ணனுக்கும் ஒரு துண்டு நிலத்தின் நிமித்தம் ஒன்பது வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு வீடும் ஒரே தெரு. வயதான அம்மா ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே என்று பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

திங்கட்கிழமை அவர் என்னைப் பார்க்க வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாஸ்டர், கர்த்தர் என்னை நிரப்பிட்டார்!"

"ஸ்தோத்திரம் தம்பி. ஃபாலோ போட்டாச்சா?" என்று கேட்டேன்.

முதலில் சிரித்தார். கேரம் ஆடினவர் அல்லவா, கேட்டது உடனே புரிந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணனா, பாஸ்டர்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே போயிருக்கிறார். மறுநாள் வந்து சொன்னார், "அண்ணன் கதவையே திறக்கல பாஸ்டர். உள்ள டிவி ஓடுற சத்தம் கேட்டுச்சு. அண்ணி ஜன்னல் வழியா பாத்துட்டு உள்ள போயிட்டாங்க."

"நீங்க தட்டினீங்களா?"

"தட்டினேன். பத்து நிமிஷம் நின்னேன்."

"நல்லது. இன்னொரு தடவை போங்க. நிலத்தைப் பத்திப் பேசாதீங்க. மன்னிச்சிடுங்க அண்ணேன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க."

நாலாவது முறை கதவு திறந்தது. அண்ணன் உள்ளே கூப்பிடவில்லை. வாசல்படியில் ஒரு நாற்காலியைப் போட்டு, "உக்காரு" என்றாராம். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார்களாம். அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அந்த நிலத்தின் காரியம் இன்னும் முழுசாய்த் தீரவில்லை. ஆனால் அந்த அம்மா என்னிடம் வந்து, "ஐயா, என் ரெண்டு பிள்ளைங்களும் ஒரே வாசல்ல உக்காந்ததை நான் சாகறதுக்குள்ள பாத்துட்டேன்" என்று சொன்னார்கள். அவர்கள் கண்ணீரைப் பார்த்தபோது, அந்த வெள்ளிக்கிழமை இரவு நடந்தது மெய்யான அபிஷேகம் என்று அறிந்துகொண்டேன். மத்தேயு 5:23-24-ல் ஆண்டவர் சொன்னதும் இதுதானே! காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு, முதலாவது சகோதரனைத் தேடிப் போகவேண்டும்.

3. காய் எல்லாம் விழுந்தும் ரெட் இல்லை - கொர்நேலியுவுக்கு இருந்த குறை

இதற்கு நேர்மாறான ஒரு ஆபத்தும் உண்டு. ஒருவன் தன்னுடைய காய்களைச் சாமர்த்தியமாய் ஒவ்வொன்றாய்ப் போட்டுக்கொண்டே வருகிறான். ரெட்டைக் கவனிக்கவில்லை. கடைசிக் காயையும் போட்டுவிட்டான். ஜெயித்தானா? இல்லை! ரெட் பலகையில் இருக்கும்போது கடைசிக் காயைப் போட்டால் அது தவறாட்டம். எத்தனை காய் போட்டிருந்தாலும் அது வெற்றியாகாது.

சிலர் பிறந்ததிலிருந்தே ஆலயத்தில் இருக்கிறார்கள். தசமபாகம் சரியாய்க் கொடுக்கிறார்கள். குடிப்பழக்கம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. காய்கள் ஒவ்வொன்றாய் விழுகின்றன. ஆனால் மறுபடியும் பிறந்த அனுபவம் இல்லை, பரிசுத்த ஆவியானவரின் நிறைவு இல்லை. நற்கிரியை போதும் என்று நினைத்துவிட்டார்கள். அப்போஸ்தலர் 10-ல் கொர்நேலியு எப்படிப்பட்டவர்? ஜெபம் உண்டு, தானதருமம் உண்டு, வீட்டார் அனைவரோடும் தேவபயம் உண்டு. இருந்தும் தேவன் அத்தோடு விடவில்லை. தூதனை அனுப்பி, பேதுருவை வரவழைத்து, இயேசுவைப் பற்றிக் கேட்கச் செய்து, ஆவியினாலே நிரப்பினார். கடைசிக் காய்க்கு முன்னே ரெட்டை எடுக்கவேண்டும். யாருடைய கடைசிக் காய் எப்போது என்று நமக்குத் தெரியுமா?

4. ஸ்ட்ரைக்கரே விழுந்தால்?

ஊழியர்களுக்கும், சபைப் பொறுப்பில் உள்ளவர்களுக்கும், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இதை எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பலகையில் மற்றக் காய்களைச் சேரவேண்டிய இடத்துக்கு அனுப்புவது ஸ்ட்ரைக்கர். பதினைந்து கிராமுக்கு மேல் எடை இருக்கக்கூடாது. பாக்கெட்டைவிட ஸ்ட்ரைக்கர் மூன்று மில்லிமீட்டர் அளவுதான் சின்னது. அதனால் அதுவும் உள்ளே விழும்! விழுந்தால் ஃபவுல். ஏற்கெனவே சம்பாதித்த காய் ஒன்றை வெளியே எடுத்துப் பலகையில் வைக்கவேண்டும்.

மற்றவர்களுக்குப் பிரசங்கித்துவிட்டுத் தானே தள்ளப்பட்டுப் போகாதபடிக்குத் தன் சரீரத்தை ஒடுக்குவதாகப் பவுல் சொல்லுகிறார். அத்தனை சபைகளை நாட்டினவருக்கே அந்தப் பயம் இருந்தது. ஒரு ஊழியன் விழுந்தால் அவன் மாத்திரமா விழுகிறான்? அவன் மூலமாய் உள்ளே வந்த ஆத்துமாவும் வெளியே போகிறது. எங்களுக்காக ஜெபியுங்கள்!

நடுவில் வைக்கப்பட்ட ரெட்

இதை வாசிக்கிற யாரோ ஒருவர், "பாஸ்டர், நான் ரெட் போட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. ஃபாலோ போடல. எல்லாம் போச்சு" என்று மனம் கசந்துகொண்டிருக்கலாம். உங்களுக்கு ஒரு நல்ல செய்தி! ஃபாலோ விழாத ரெட்டைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. நடுவிலே, எல்லார் கண்ணும் காண, திரும்ப வைக்கிறார்கள். உங்கள் முறை மறுபடியும் வரும்போது அதை நீங்களே எடுக்கலாம்.

பேதுருவைப் பாருங்கள். மூன்றுதரம் மறுதலித்தவர். மீன் பிடிக்கப் போய்விட்டார். யோவான் 21-ல் உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையிலே கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றுதரம் அவர் அன்பை விசாரித்தார். கடைசியில் என்ன சொன்னார்? முதன்முதலில் கடலோரத்தில் கூப்பிட்ட அதே கூப்பிடுதல்தான்! தம்மைப் பின்பற்றும்படி மறுபடியும் கூப்பிட்டார். அந்தப் பேதுருதான் பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்றவர். அல்லேலூயா!

ஆனாலும் காலத்தைத் தாமதம் செய்யாதிருங்கள். உங்கள் முறை எப்போதும் வந்துகொண்டே இருக்கும் என்று யார் சொன்னது?

வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். பணம் வைத்து ஆடாதிருங்கள். ஆராதனை நேரத்தையும் படிக்கிற நேரத்தையும் பலகைக்குக் கொடுக்காதிருங்கள். பெரியவர்களே, பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து ஆடுகிற கேரம் போர்டை உடைக்காதிருங்கள். சாயங்கால ஜெபத்துக்கு முன்னே நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து ஒரு போர்டு ஆடுங்கள். ரெட் விழும்போது, "தம்பி, ஃபாலோ எங்கே?" என்று கேளுங்கள். அதுவே அவர்களுக்கு ஒரு பிரசங்கம்.

இந்த வாரம் தேவ சமுகத்தில் உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். கடைசியாய்க் கர்த்தர் உங்களைத் தொட்டது எப்போது? அதற்குப் பிறகு யாரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்? எந்தக் கடனைத் தீர்த்தீர்கள்? எந்த வாசலில் போய் நின்றீர்கள்? எந்தப் பெயர் இப்போது உங்கள் நினைவுக்கு வருகிறதோ, அதுதான் உங்கள் ஃபாலோ. அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே போங்கள்!

ஜெபம்: எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே, நீர் எங்களுக்குத் தந்த அபிஷேகத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். அதை நாங்கள் கை தட்டலோடு விட்டுவிடாதபடி காத்தருளும். இதை வாசிக்கிற ஒவ்வொருவருக்கும், போகவேண்டிய வாசலுக்குப் போகப் பெலன் தாரும். பூட்டியிருக்கிற கதவுகளை நீரே திறந்தருளும். விழுந்துபோனவர்களைக் கைதூக்கி எடுத்து மறுபடியும் உம்மைப் பின்பற்றச் செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே. ஆமென்!